ஏழ்மை போதவில்லை

"டோக்கன்காரரே, எழுந்திரிங்க. உங்க முறை வந்துட்டுப் போயிருச்சு" என்று காவலாளி தோளைத் தட்டியபோது, அவன் ஒரு பெரிய மாவு உருண்டையின் மேல் படுத்தபடி கூரையைத் தாண்டி மிதந்துகொண்டிருந்தான்.

கண்ணைத் திறந்தால் அதே பெஞ்சு, அதே மின்விசிறி, பக்கத்தில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும் பாப்பா.

பேக்கரியில் இரவெல்லாம் மாவு பிசைவதால் அவனுக்கு மாவுக்காரன் என்றே பெயர். மனைவி காலையிலேயே லாண்டரிக்குப் போய்விடுவாள். காதோரத்து மாவைக்கூடத் துடைக்காமல் இவன் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுவான். கட்டடத்தின் பின்பக்கம், வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கான அரசாங்கத்து இலவசப் பாலர் பள்ளி. முன்பக்கம், யாருக்கு வசதியில்லை என்று முடிவு செய்கிற அலுவலகம். பெஞ்சில் உட்கார்ந்ததும் தூக்கம் ஆளை அமுக்கிவிடும். முறை போய்விடும். மறுநாள் மறுபடியும் வருவான்.

அன்று அதிகாரியம்மா பாவம் பார்த்து உள்ளே கூப்பிட்டார்.

"உங்க வருமானம் கொஞ்சம் கூட இருக்குதுங்க."

"எவ்வளவு கூட மேடம்?"

"ஒரு பன்னு அளவுதான். ஆனா கூடன்னா கூடத்தான்."

"இத்தனை நாள் ஏழைன்னு நினைச்சிட்டு இருந்தேங்க."

"நினைச்சுக்கலாம். இங்க செல்லாது."

மாவு மூட்டையில் அச்சடித்திருந்ததைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றவன் அவன். பாப்பாவுக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்று முதலாளியிடம் போய் நின்றான்.

"ஐயா, என் சம்பளத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கணும்."

கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த முதலாளியின் கை நின்றது. "எதிர்க்கடைக்காரன் கூப்பிட்டானா?"

"அதெல்லாம் இல்லீங்க. பாப்பா படிக்கணும்."

"புரியுதுப்பா. வாய் விட்டுக் கேட்க உனக்குக் கூச்சம்."

மறுநாளே சம்பளம் ஏறிவிட்டது.

"சரி விடுங்க. நான் வேலைய விட்டுடறேன்" என்றாள் மனைவி.

விட்டாள். இனிப் பாப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம் என்று பார்த்தால், அவள் அப்பாவுக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "நானும் ஆபீசுக்கு வருவேன்."

அப்பா மேல் எவ்வளவு பாசம் என்று மாவுக்காரன் உருகிப் போனான். அந்த உருக்கத்தோடே பெஞ்சில் சாய்ந்தான். மேகமெல்லாம் உப்பிய மாவாகி, அவனை ஒரு வெதுவெதுப்பான ஊருக்குத் தூக்கிக்கொண்டு போயிற்று. பல டோக்கன்கள் இப்படிப் போன பிறகே அதிகாரியம்மாவைப் பார்க்க முடிந்தது.

"வருமானம் இப்ப சரியா இருக்கு. ஆனா அம்மா வீட்டுல இருக்காங்களே. ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுப் பிள்ளைங்களுக்குத்தான் இடம்."

"அவ வேலைய விட்டதே இந்த இடத்துக்காகத்தானுங்க."

"அப்ப மறுபடி சேரச் சொல்லுங்க."

மறுபடி சேர்ந்தாள். சாயங்காலம் முகம் தொங்கத் திரும்பி வந்தாள்.

"என்னாச்சு?"

"என்னை மாதிரி மடிச்சு வைக்க ஆள் கிடைக்கலையாம். சம்பளத்தைக் கூட்டிட்டாங்க."

இரண்டு பேரும் இழவு விழுந்த வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த வழியை அதிகாரியம்மாவே காட்டினார். வீட்டில் ஆள் கூடினால் வருமான வரம்பும் கூடும். ஆள்தானே? மனைவியின் தம்பி ஒருவன் இருந்தான். வேலை என்று ஒன்று இருப்பதே தெரியாமல் வளர்ந்தவன். படுக்கையும் தலையணையுமாக அவனை அழைத்து வந்தார்கள்.

"மச்சான், நீங்க ஒரு வேலையும் செய்யக்கூடாது. சும்மா இருந்தாப் போதும்" என்றான் மாவுக்காரன்.

ஊரெல்லாம் திட்டிய விஷயத்தை ஒருவர் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதும் மச்சான் விரித்த படுக்கையைச் சுருட்டி வைத்தான். "அக்கா பொண்ணு படிப்புக்கு நான் சும்மா இருந்து என்ன பிரயோஜனம்?" என்று அந்த வாரமே போய் வேன் ஓட்டுகிற வேலையில் சேர்ந்துவிட்டான். கூடுதல் நேரமும் பார்த்தான். சம்பளத்தை அக்கா கையில் கொடுத்தபோது அவள் அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"இப்படியே போனா நாம பணக்காரங்களாயிடுவோம் போலிருக்கு" என்றான் மாவுக்காரன்.

"அதுக்குள்ள அவ வளர்ந்துடுவா. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காம" என்றாள் மனைவி.

கடைசியில் வழி தானாகத் திறந்தது. மச்சான் கம்பெனி கொடுத்த அறைக்குக் குடிபோனான். அதோடு பேக்கரி அடுப்பு நடுவில் விரிசல் விட்டது.

முதலாளி தலை குனிந்து நின்றார். "அடுப்பு சரியாகிற வரைக்கும் பாதிச் சம்பளம்தான்பா தர முடியும்."

மாவுக்காரன் அவர் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "இந்த உதவிய மறக்கவே மாட்டேங்க ஐயா."

அன்று அவன் பெஞ்சில் உட்காரவே இல்லை. சுவரோரம் நின்றபடி காத்திருந்தான். அதிகாரியம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

"ஏழைதான். சந்தேகமே இல்லை. பின்னால போய்ச் சேர்த்துடுங்க."

இவ்வளவு நல்ல வார்த்தையை யாரும் அவனிடம் சொன்னதில்லை. பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக அந்த நீண்ட நடைவழியில் நடந்தான். வெயில் சன்னல் சன்னலாக விழுந்திருந்தது. கால் தரையில் பாவுகிற மாதிரியே இல்லை.

வகுப்பு வாசலில் அவன் நின்றுவிட்டான். உள்ளே பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் சத்தமே இல்லை. கைகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் தட்டின. உதடுகள் அசைந்தன. பாட்டு வெறும் மூச்சாகத்தான் வெளியே வந்தது. மறுபடியும் தூங்கிவிட்டோமோ என்று மாவுக்காரன் தன் கையைக் கிள்ளிப் பார்த்தான். வலித்தது.

"ஆயாம்மா, என் பொண்ணைப் புதுசாச் சேர்க்க வந்திருக்கேன்" என்று, அவனும் ஏனோ குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

பாப்பா அதற்குள் அவன் கையை விட்டுவிட்டு உள்ளே போய், இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்து கைதட்ட ஆரம்பித்திருந்தாள்.

ஆயா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்த பெஞ்சுல தூங்குற அப்பா நீங்கதானா? உங்க பொண்ணு ஒரு வருஷமா இங்கதானே படிக்குது. நீங்க முழிச்சுக்கக் கூடாதுன்னு எங்க எல்லாரையும் ரகசியமாப் பாட வெச்சதே அதுதான்."