தாமரை வலிக்கு வாங்கிய மார்க்

காப்பார்,
ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா இராஜம்மா அவர்களுக்கு,

காப்பாரிலிருந்து வள்ளியம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முழங்காலும் ஏதோ ஒத்துப்போய்க்கொண்டிருக்கிறோம். அங்கே ஈப்போவில் நீங்களும் சம்பந்தியும், முக்கியமாக நம் பேத்தி தாமரையும், ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாரியாத்தாளைக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றுபோன கை இது. எழுத்து முன்னே பின்னே இருந்தால் நீங்களாகச் சரி செய்து படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். என் மூத்தவளின் மகள் விஷ்ணுப்ரியா எஸ்பிஎம் பரீட்சையில் ஒன்பது ஏ எடுத்தாள். போன தீபாவளிக்கே உங்களிடம் சொன்னேன், இருந்தாலும் இன்னொரு முறை எழுதுவதில் தப்பில்லை. அவள் தம்பி யுகேந்திரன் கார் லைசென்சை ஒரே தடவையில் எடுத்துவிட்டான். அவனுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்த ஆளே மூன்றாவது தடவைதான் எடுத்தாராம். சின்னவன் கிஷனுக்குக் கிள்ளானில் நடந்த செய்யுள் போட்டியில் மூன்றாம் பரிசு. முதல் இரண்டு பரிசும் வாத்தியார் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போனது, அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. நம் தாமரை சொல்வதெழுதுதலில் எப்போதும் பத்துக்குப் பத்து. அது உங்களுக்குத் தெரிந்ததே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷன் முடிந்து குழந்தையை உங்கள் வீட்டுக்கு ஓய்வுக்கு அனுப்பியபோது, ஒரு வாரத்தில் திரும்பி வருவாள் என்றுதான் நான் பையைக் கட்டினேன். நேற்று உங்கள் மகள் வாணி வேலைக்குப் போகும் அவசரத்தில், அம்மா அவளை அங்கேயே வைத்துக்கொள்கிறேன் என்கிறார்கள், அங்கேயே தமிழ்ப்பள்ளியில் சேர்த்துவிடலாம் என்கிறார்கள் என்று பாதி சொல்லி, மீதியை மேரு ஃபேக்டரி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். காரணம் என்ன என்று நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் நான் செய்த காரியம் உங்கள் காதுக்கு வந்திருக்கிறது. எந்த உருவத்தில் வந்ததோ தெரியாது. அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன். படித்துவிட்டு, குழந்தையை வருகிற சனிக்கிழமை அனுப்பி வையுங்கள். என் மகன் சுகுமாறன் வந்து கூட்டிக்கொள்வான்.

தாமரைக்கு வயிறு வலித்தது, பூச்சோங் பக்கம் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், குடல்வால் வீங்கியிருக்கிறது என்று அன்றைக்கே வெட்டி எடுத்தார்கள், இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதது அதற்கப்புறம். அந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. குடல்வால் எடுத்த பிள்ளைகளில் ஒரு குழுவுக்கு வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரம் பார்த்து வலிமருந்து கொடுப்பார்களாம், இன்னொரு குழுவுக்கு வலிக்கிறது என்று சொன்னால் மட்டும் கொடுப்பார்களாம், எந்தப் பிள்ளை சீக்கிரம் எழுந்து நடக்கிறது என்று பார்ப்பார்களாம். யார் எந்தக் குழு என்று கம்ப்யூட்டர் சொல்லுமாம். ஹலீமா என்று அந்த ஆராய்ச்சிக்கென்றே இருக்கிற நர்ஸ் மிஸ்ஸி வந்து சுகுமாறனுக்கும் வாணிக்கும் இங்கிலீஷிலும் மலாயிலுமாக விளக்கினாள், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்றாள், இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த நேரத்தில் நான் கீழே கேன்டீனில் மைலோ வாங்கக் க்யூவில் நின்றேன். எல்லாக் கோளாறும் அந்த மைலோவில் ஆரம்பித்தது. நான் மேலே வந்தபோது சுகுமாறன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ம்மா, தாமரைய ரிசர்ச்சுல எடுத்துட்டாங்க. கம்ப்யூட்டரே செலக்ட் பண்ணிருச்சு."

சம்பந்தியம்மா, கம்ப்யூட்டர் செலக்ட் பண்ணியது என்றால் நான் என்ன நினைப்பேன். நம் பரம்பரையில் யாரையும் கம்ப்யூட்டர் செலக்ட் பண்ணியதில்லை. தோட்டத்தில் பால்மரம் வெட்ட வாளியும் கத்தியும் தூக்கப் பெயர் கூப்பிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். உடனே மூத்தவளுக்குப் போன் போட்டேன், பக்கத்து வீட்டுக்குப் போட்டேன், உங்களுக்கும் போட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நீங்களும் அன்றைக்கு என்னோடு சேர்ந்து சந்தோஷப்பட்டிருப்பீர்கள், இன்றைக்கு என்னோடு சேர்ந்து வெட்கப்பட்டிருப்பீர்கள்.

பெற்றவர்கள் இரண்டு பேருக்கும் லீவு கிடையாது, வார்டில் ஒரு பொம்பளை ஆள்தான் கூட இருக்கலாம், ஆகவே பகல் முழுக்க நான். சாய்ந்தால் பின்னால் போகிற நாற்காலி ஒன்று கொடுத்திருந்தார்கள், அதில் சாயாமலே உட்கார்ந்திருந்தேன். ஹலீமா மிஸ்ஸி ஓர் அட்டையோடு வருவாள். அட்டையில் வரிசையாக மூஞ்சிகள், முதல் மூஞ்சி சிரிக்கும், போகப் போக வாய் கோணி, கடைசி மூஞ்சி அழும். சிரிக்கிற மூஞ்சிக்குக் கீழே சைபர், அழுகிற மூஞ்சிக்குக் கீழே பத்து. தாமரையிடம் அட்டையைக் காட்டி, "பெராப்பா?" என்று மலாயில் எத்தனை என்று கேட்பாள். குழந்தை முதல் தடவை நான்கு என்றது. எனக்குச் சுருக்கென்றது. சொல்வதெழுதுதலில் பத்து வாங்குகிற பிள்ளை, கம்ப்யூட்டர் செலக்ட் பண்ணின பிள்ளை, நான்கு. அழுகிற மூஞ்சிக்குப் பத்து போட்டிருந்ததைப் பார்த்து நான் ஒரு நிமிஷம் யோசிக்கத்தான் செய்தேன். பிறகு, பத்து வாங்கும்வரை எந்தப் பிள்ளை அழாமல் படித்திருக்கிறது, அதைத்தான் படமாகப் போட்டிருக்கிறார்கள் என்று நானே சமாதானம் ஆகிவிட்டேன்.

மிஸ்ஸி போனதும் குழந்தையிடம் சொன்னேன், கண்ணு, கேக்கிறவங்க எத்தனைன்னு கேட்டா பத்துன்னு சொல்லணும், அதுக்குக் கீழே இறங்கக் கூடாது. அது தலையை ஆட்டியது. மறுபடி மிஸ்ஸி வந்தபோது அவள் முதுகுக்குப் பின்னால் நின்று நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். தாமரை கலர் பென்சிலைக் கீழே வைக்காமலே பத்து என்றது. மிஸ்ஸி அதன் முகத்தைப் பார்த்தாள், வரைந்த படத்தைப் பார்த்தாள், எழுதிக்கொண்டு போனாள். மருந்து வந்தது. குழந்தை தூங்கியது. எழுந்தது, பத்து என்றது, மருந்து வந்தது, தூங்கியது. எனக்கும் அதுவே வேலையாகிவிட்டது.

இதில் சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அங்கேதான் நான் இன்னும் நன்றாக விழுந்தேன். எதிர்க் கட்டிலில் ஒரு சீனப் பிள்ளை, அதற்கும் குடல்வால்தான், அதற்கும் அட்டைதான். அது இரண்டு என்றது, பிறகு ஒன்று என்றது, அதன் தாய் தலையைத் தடவிக்கொடுத்தாள். பாவம், மக்குப் பிள்ளை போல என்று நினைத்து நான் ஒரு ஆரஞ்சு கொடுத்தேன். மறுநாள் பார்த்தால் அதைப் பையைக் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மார்க் குறைந்தால் ஆஸ்பத்திரியை விட்டே நிறுத்திவிடுகிறார்கள் என்று அல்லவா எனக்குத் தோன்றியது. அன்றைக்கு முழுக்கத் தாமரையை உட்காரவைத்துப் பாடம் சொல்வது மாதிரி பத்து, பத்து என்று சொல்லிக்கொடுத்தேன். எனக்கே தொண்டை வறண்டுவிட்டது.

அதற்குப் பிறகு டாக்டர்கள் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். வயிற்றை அமுக்குவார்கள், வலிக்குதா என்பார்கள், குழந்தை என்னைப் பார்த்துவிட்டுப் பத்து என்னும். ரத்தம் எடுத்தார்கள். ஜெல் தடவி ஸ்கேன் பார்த்தார்கள். உள்ளே கொஞ்சம் தண்ணீர் மாதிரி தெரிகிறது, சீழாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார்களாம். ஒரு நாள் காலையில் பசியாற ரொட்டியும் கஞ்சியும் எல்லாக் கட்டிலுக்கும் வந்தது, தாமரை கட்டிலுக்கு மட்டும் வரவில்லை. தலைமாட்டில் ஒரு அட்டையை மாட்டிவிட்டுப் போனார்கள். தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாதாம். குழந்தை பக்கத்துக் கட்டில் கஞ்சியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தது. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலாம். வாணி வந்தாள், உங்கள் மகள் ஏற்கெனவே ஒல்லி, அன்றைக்கு இன்னும் ஒல்லியாகத் தெரிந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். மறுபடி வெட்டுவார்களாம், அத்தை, என்றாள்.

டாக்டர் ஆயிஷா என்று ஒருவர். நம் தமிழ் முஸ்லிம் பிள்ளை, கிள்ளான்காரப் பெண். வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவரை நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்தப் பிள்ளை கோபப்படவில்லை.

"டாக்டர், எதுக்கு மறுபடி வெட்டணும்? புள்ள நல்லாத்தானே படம் வரையுது."

"பார்க்க நல்லாத்தான் இருக்கு ஆன்டி. காய்ச்சல்கூட இல்ல. ஆனா ஆபரேஷன் முடிஞ்சு இத்தனை நாளாகியும் வலி பத்துக்குப் பத்துன்னு சொல்லுது. அதை நாங்க எப்படி விடறது? உள்ளுக்கு ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்."

வலி பத்து. சம்பந்தியம்மா, அது மார்க் இல்லை, வலி. குழந்தை எவ்வளவு துடிக்கிறது என்று அளக்கிற அட்டையில் நான் உட்கார்ந்து துடிப்பை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன், அதையும் உங்களிடம் மறைக்கவில்லை. டாக்டர் தானாகக் கண்டுபிடித்துவிட மாட்டாரா என்று. பிறகு கஞ்சி வராத அந்தக் கட்டிலை நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"அந்தப் பத்து நான் சொல்லிக் கொடுத்தது, டாக்டர்."

அந்தப் பிள்ளை வராந்தா பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பிறகு எழுந்து, நீங்க இங்கயே இருங்க ஆன்டி என்று என்னைத் திரைக்கு வெளியே நிறுத்திவிட்டு, ஹலீமா மிஸ்ஸியைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனது. நான் திரையோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். வாணியும் நின்றாள். டாக்டர் அட்டை எதையும் எடுக்கவில்லை, குழந்தையைக் கட்டிலைவிட்டு இறங்கச் சொல்லி ஒரு குதி குதித்துக் காட்டு என்றது. தாமரை குதித்தது. வலிக்குதா என்றது டாக்டர். கொஞ்சூண்டு, தையல் போட்ட இடத்துல மட்டும் என்றது குழந்தை. அப்புறம் ஏன்மா பத்துன்னு சொன்னே என்று டாக்டர் கேட்டது.

"கொறைச்சுச் சொன்னா பாட்டி மூஞ்சி ஒரு மாதிரி ஆயிரும்."

வாணி என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் மகளை நல்லபடியாகத்தான் வளர்த்திருக்கிறீர்கள். இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றைக்கு மத்தியானமே தலைமாட்டு அட்டையைக் கழற்றினார்கள். கஞ்சி வந்தது. ஸ்கேனை இன்னொரு தடவை பார்த்தார்கள், அந்தத் தண்ணீர் தானாக வற்றிக்கொண்டிருந்தது. மறுபடி வெட்டவில்லை. ஹலீமா மிஸ்ஸியிடம் அந்தப் பத்துகளையெல்லாம் அழித்துவிடுங்கள் என்று எனக்குத் தெரிந்த கடைத்தெரு பாசார் மலாயில் கெஞ்சினேன். அழிக்கக் கூடாதாம் லா, மாச்சிக், என்றாள். ஆராய்ச்சியில் நடந்தது நடந்தபடியே இருக்கணுமாம், பக்கத்தில் காரணம் மட்டும் எழுதுவார்களாம். என்ன எழுதினாய் என்றேன். பாட்டி என்று எழுதினாளாம். இப்போது அந்த வார்டில் ஒரு புது நடைமுறை வந்திருக்கிறது. அட்டை காட்டும்போது கூட இருக்கிற பெரியவர்கள் வராந்தாவுக்குப் போய்விட வேண்டும். மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், தமிழில் ஒரு எழுத்து தப்பு. யாரால் வந்தது என்று போடவில்லை. வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள் யாராலும் ஒரு ஆஸ்பத்திரியில் நடைமுறை மாறியதாக நான் கேள்விப்படவில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. களைப்பில் கை அதுவாக எழுதிவிட்டது.

இவ்வளவுதான் நடந்தது. கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. நான் செய்தது தப்புதான். ஆனால் ஒரு தப்புக்காகக் குழந்தையையே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பிறந்ததிலிருந்து பகலெல்லாம் என்னிடம்தான் இருந்திருக்கிறது. அது இல்லாத வீட்டில் ரேடியோ சத்தம்கூட அதிகமாகக் கேட்கிறது. இங்கே அனுப்புங்கள், இனி நான் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வேன். டாக்டர் நடக்கலாம், ஓடலாம் என்று சொல்லிவிட்டார்தான், ஆனாலும் நான் ஓடவிட மாட்டேன். படி இறங்கவிட மாட்டேன். சைக்கிளைக் கயிறு போட்டு மேலே கட்டிவிட்டேன். நீங்கள் அனுப்பி வைத்தால் வாசலிலிருந்து கட்டில்வரை தூக்கிக்கொண்டுதான் போவேன், முழங்கால் எப்படியும் போன முழங்கால்தான். சனிக்கிழமை, மறந்துவிடாதீர்கள்.

சம்பந்திக்கு என் வணக்கம். அவர் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் மகனுக்கும் மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். பெரியவர்கள் மனசில் ஏதும் வைத்துக்கொள்ளாமல் இருக்க அம்மன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி
வள்ளியம்மா

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சாயங்காலம் உங்கள் வீட்டுக்குப் போன் போட்டேன். நீங்கள் கோயிலுக்குப் போயிருந்தீர்கள். உங்கள் மருமகள் தாமரையைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். பாட்டி, முன்பல்லு விழுந்துருச்சு என்றாள், பாட்டி, இங்க சைக்கிள்ல சின்னச் சக்கரத்தக் கழட்டிட்டாங்க என்றாள், வலிக்குதாம்மா என்று கேட்டேன், எது பாட்டி என்றாள். அதற்குள் யாரோ வெளியே கூப்பிட்டார்கள், போனைக் கீழே வைக்காமல் அப்படியே போட்டுவிட்டு ஓடிவிட்டாள். சிமெண்டுத் தரையில் அவள் காலடிச் சத்தம் வாசல்வரை எனக்குக் கேட்டது. மெதுவாக ஓடவில்லை. நான் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். இங்கே இருந்திருந்தால் நான் அப்படி ஓட விட்டிருக்க மாட்டேன், சம்பந்தியம்மா. ஆகையால் மேலே எழுதியதைப் படித்துவிட்டு மறந்துவிடுங்கள். சனிக்கிழமை சுகுமாறன் வரமாட்டான். பள்ளிக்கூட விஷயத்தை நீங்களும் வாணியும் பேசி எது நல்லதோ அதைச் செய்யுங்கள், என்னைக் கேட்க வேண்டாம், கேட்டால் நான் வேறு மாதிரி சொல்லிவிடுவேன். ஒன்றே ஒன்று மட்டும். என்னிடம் இருக்கிற படத்தில் அவளுக்கு எல்லாப் பல்லும் இருக்கிறது. புதுப் படம் ஒன்று எடுத்து, கைப்பேசியில் வேண்டாம், கடையில் கழுவித் தபாலில் போடுங்கள். நிற்க மாட்டேன் என்றால் ஓடும்போதே எடுங்கள். கலங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.