அட்டையின் பின்பக்கம்

அட்டை மறுபடியும் திரும்பிக்கொண்டது.

ஏணியில் நின்ற குராமோச்சி அதைப் பிடித்து நேராக்கினான். கையை எடுத்ததும் ஏசி காற்றில் மெல்லச் சுழன்று பின்பக்கத்தை வாசலுக்குக் காட்டியது.

ஜப்பானில், மொரியோகா ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தப் புத்தகக் கடையில் அவன் பன்னிரண்டு வருடங்களாக வேலை பார்க்கிறான். புது நாவல்களைப் படித்து, சிறு அட்டையில் இரண்டு வரி கருத்து எழுதி வைப்பான். அவனுக்குப் பிடித்த ஒரே வேலை அதுதான். அட்டைகளை அலமாரி விளிம்பில் ஒட்டுவார்கள். பின்பக்கம் யார் கண்ணிலும் படாது. ஆகவே முன்பக்கம் வாசகருக்கு, பின்பக்கம் தனக்கு என்று எழுதிப் பழகியிருந்தான்.

நேற்று மாலை மேலாளர் ஹிராய்வா எல்லா அட்டைகளையும் நூலில் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார். அழகுக்காக. பின்பக்கத்தை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

'கைக்குட்டையோடு படியுங்கள்' என்றது காதல் நாவலின் அட்டை. திரும்பியதும், 'ஒரு தடவை உட்கார்ந்து பேசியிருந்தால் பதினாறாம் பக்கத்தில் முடிந்திருக்கும்' என்றது. சரித்திர நாவலின் பின்னால், 'குதிரைகள் நன்றாக நடித்திருக்கின்றன.' பேய்க்கதைக்கு, 'பேய் வரும்வரை பயமாக இருந்தது.'

இவற்றையாவது சமாளித்துவிடலாம். துப்பறியும் நாவலின் அட்டை இப்படிச் சுழன்றது:

'கொலையாளி தோட்டக்காரன். எண்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.'

அந்த நாவலின் ஆசிரியர், எல்லோரும் மரியாதையாக 'சென்செய்' என்று அழைக்கும் தொகாஷி, பதினோரு மணிக்கு வாசகர்களின் புத்தகங்களில் கையெழுத்துப் போட வருகிறார்.

குராமோச்சி இறங்கிப் போய் ஏசியை நிறுத்தினான்.

"யாருப்பா அது? சென்செய் வந்து வேர்த்து ஊத்தணுமா?" மேலாளர் வந்து முழு வேகத்தில் வைத்தார். நான்கு அட்டைகளும் பம்பரமாகச் சுற்றின.

கல்லாவில் இருந்த நாகுரா அண்ணாந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குராமோச்சி-சான், இதைப் போய் எழுதியா வெப்பாங்க?"

"எனக்கு மறந்து போகும். யாராவது கேட்டா சொல்லணுமே."

"கொலைகாரன் யாருன்னு எவன் கடையில வந்து கேக்கறான்? கழட்டுங்க முதல்ல."

கழற்றினான். மேலாளர் உடனே வந்து நின்றார்.

"எங்க அந்த அட்டை? சென்செய் அதைப் பாக்கத்தான் வர்றாரு. போன தடவை சரித்திர நாவலுக்கு நீ எழுதினதுக்கே அதை எழுதின கிழவர் போன்ல ஒரு மணி நேரம் கத்தினாரு. இன்னொரு புகார் வந்துச்சு, அட்டை எழுதற வேலையை நாகுராகிட்ட கொடுத்துடுவேன். மாட்டு."

மாட்டுவதற்குள் நாகுரா, புத்தகத்துக்கு உறை போடும் தாளில் ஒரு துண்டு வெட்டிப் பின்பக்கத்தில் ஒட்டிவிட்டாள். மேலாளர் அதைப் பார்த்தார். வெறுமையாக இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. தடித்த பேனாவை எடுத்து அந்தத் தாளில் 'ரகசியம்' என்று எழுதினார்.

பத்து நிமிடத்தில் அட்டைக்குக் கீழே கூட்டம் கூடிவிட்டது. ஒரு டாக்சி ஓட்டுநர் அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"உள்ளே என்னமோ எழுதியிருக்கு."

"ஒண்ணுமில்லீங்க" என்றான் குராமோச்சி.

"அப்ப ஏன் உங்களுக்கு இப்படி வேர்க்குது?"

தொகாஷி சென்செய் வந்தார். பெரிய உருவம், வெள்ளைத் தாடி. பின்னால் அவர் மனைவி, பேனாக்களும் முத்திரையும் மை ஒற்றும் தாள்களுமாக. அவர் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாள் மையை ஒற்றினாள்.

வரிசையில் நின்ற ஒரு பெண் கேட்டாள்: "சென்செய், கதையில வர்ற அந்த ஏரி நிஜமாவே இருக்கா?"

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் தலையசைத்தாள்.

"இருக்கு" என்றார்.

டாக்சி ஓட்டுநரின் பொறுமை அப்போது தீர்ந்துபோனது. தாளை உரித்தார். சத்தமாகவே வாசித்தார்.

"கொலையாளி தோட்டக்காரன்."

வரிசையில் ஒருவர் தன் கையிலிருந்த புத்தகத்தைத் திரும்ப மேசையில் வைத்தார். அவருக்குப் பின்னால் நின்றவரும் வைத்தார்.

சென்செய் எழுந்தார்.

"கடைசிப் பக்கம் வரைக்கும் தோட்டக்காரனை மறைச்சு வெச்சேன். மூணு வருஷம்! யார் இதை எழுதினது?"

குராமோச்சி இடுப்பு வரை குனிந்தான். நிமிரவில்லை.

"புத்தகம் வர்றதுக்கு முன்னாடி பதிப்பகத்துலேர்ந்து படிச்சுப் பாக்க ஒரு பிரதி அனுப்புவாங்க, சென்செய். அதைப் படிச்சேன். கருத்து கேட்டாங்க. அவங்களுக்கும் இதையேதான் எழுதி அனுப்பினேன். இங்க தெரிஞ்சது என் தப்பு."

"நாகுரா" என்றார் மேலாளர், தணிந்த குரலில். "நாளையிலிருந்து அட்டை நீ எழுது."

குராமோச்சி இன்னும் குனிந்தான்.

சென்செய்யின் மனைவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மை ஒற்றும் தாளை மடித்து வைத்தாள்.

"பதிப்பகத்துலேர்ந்து எங்களுக்கு வந்த அந்தக் கடிதாசு நீங்க எழுதினதா? எண்பதாம் பக்கத்துலயே தெரிஞ்சுடுதுன்னு நீங்க சொன்னது சரின்னு பட்டுது, அதான் அச்சுக்குப் போறதுக்குள்ள கொலைகாரனை மாத்தி எழுதிட்டேன்" என்றவள், கணவரின் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்ட சொல்லத்தான் மறந்துட்டேங்க."