சாத்தான் வேஷம் கைமாறியது பற்றி அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் நலமாகத்தான் இருப்பீர்கள். பிள்ளை டைரக்டராகிவிட்ட வீட்டில் நலத்துக்கு என்ன குறைச்சல்? நான் நலமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பண்டிதர் ஒருவர் சாத்தானிடம் ஆன்மாவை விற்கிற அந்தப் பழைய நாடகத்தில் இருபத்தாறு வருஷம் சாத்தானாக நடித்தவன் நான். அதைப் படமாக எடுக்கப்போகிறேன் என்று உன் மகன் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, நீங்க இல்லாம இந்தப் படமே இல்ல" என்றபோது நான் அழுதே விட்டேன். மேக்கப் போட்டுப் பார்த்தார்கள். கேமராவில் என் முகம் ரொம்பச் சாதுவாக இருக்கிறதாம். "சாத்தானப் பாத்தா ஜனங்களுக்குப் பாவமா இருக்கக் கூடாது மாமா" என்றான். சரி, பண்டிதரை எச்சரிக்க வருகிற பக்கத்து வீட்டுக் கிழவர் வேஷம் உங்களுக்கு என்றான். நாலு பக்க வசனம். அது ஒரு பக்கமாகி, ஒரு வரியாகி, கடைசியில் வெறும் இருமலாகி நின்றது. சாத்தான் வேஷம் பற்பசை விளம்பரத்தில் பல்லைக் காட்டுகிற நடிகனுக்குப் போனது. அவனுக்கு நான் பாடம் எடுத்தால் என் இருமலை வெட்ட மாட்டேன் என்று உன் மகன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். மூன்று வாரம், அவர்கள் ஆபீஸ் மொட்டைமாடியில், அந்தப் பற்பசைக்கு எல்லாவற்றையும் கொடுத்தேன். சிரிப்பதற்கு முன் மூச்சை இழுப்பது, ஒப்பந்தத்தை ஒற்றை விரலால் நகர்த்துவது, பண்டிதர் கையெழுத்துப் போடும்போது பார்க்கப் பிடிக்காதவன் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வது. அந்தத் திரும்பல் எனக்குப் பிடிபட ஒன்பது வருஷம் ஆனது. அவன் அரை நாளில் பிடித்துக்கொண்டான். கெட்டிக்காரன். வயிறு எரிந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

நேற்று இவளையும் கூட்டிக்கொண்டு படத்துக்குப் போனேன். பண்டிதர் வீட்டுக் கதவு திறக்கிறது, ஒரு சால்வை நுனி தெரிகிறது, கதவு மூடிக்கொள்கிறது. அந்தச் சால்வை நான். இருமல் கிடையாது. பற்பசை ஜன்னல் பக்கம் திரும்பியதும் தியேட்டரே கைதட்டியது. இவள் சந்தோஷமாக, "ஏங்க, அப்படியே உங்கள மாதிரியே பண்றாருங்க!" என்றாள். பின்சீட்டுக்காரர், "கொஞ்சம் சும்மா இருங்கம்மா, முக்கியமான சீன்" என்றார். எனக்கு எழுந்து நின்று அது என்னுடையது என்று கத்த வேண்டும்போல் இருந்தது. நன்றிப் பட்டியலில் ஜெனரேட்டர் கொடுத்தவர்கூட இருக்கிறார், நான் இல்லை. போன் செய்தால், "எடிட்டிங்ல போச்சு மாமா, என் கையில எதுவுமில்ல" என்கிறான். அக்கா, நான் நடித்த சாத்தான் ஒரு நாளும் சொன்ன சொல் தவறியதில்லை.

இனி அவன் எனக்கு மருமகனும் இல்லை, நான் அவனுக்கு மாமனும் இல்லை. இதை ஒரு வரி விடாமல் அவனுக்குப் படித்துக் காட்டு.

அத்தானுக்கு என் வணக்கம். உன் குடும்பம் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்கட்டும். அவன் ஒருவனைப் பற்றி மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: அவனுக்குப் படித்துக் காட்டிவிடாதே. இப்போதுதான் போன் செய்தான். அடுத்த படத்தில் முதல் காட்சியிலேயே ஒரு பிணம் வேண்டுமாம். முகம் முழுசாகத் தெரியுமாம், கதையே அந்தப் பிணத்தில்தான் ஆரம்பமாம், வெட்டவே முடியாதாம். நாளைக் காலை கிளம்புகிறேன். சற்று முன் கூடத்தில் மூச்சை அடக்கிப் படுத்துப் பார்த்தேன். இவள் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்து உலுக்கினாள். எனக்கு நன்றாக வருகிறது அக்கா.