ஐந்தாம் பக்கத்துப் பென்சில்காரன்

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க புது நாவல இதப் பாத்தப்புறம் ஒருத்தரும் முழுசா படிக்கிறதில்ல."

திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கம் வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் உலகநாதன், ஐந்தாம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். ஓரத்தில் பென்சிலால், குண்டு குண்டாக ஒரு வரி: 'டிரைவர்தான் கொலைகாரன். மீசைய இவ்ளோ வர்ணிக்கும்போதே தெரியுது.'

பக்தவத்சலத்துக்குப் பகீரென்றது. மனுஷன் ஆவடித் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். சாயங்காலமானால் 'முல்லைபக்தா' என்ற பெயரில் மாதம் ஒரு மர்ம நாவல். 'உங்கள் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறதாம். இன்னும் மூன்று நாவல் பார்ப்போம், தேறாவிட்டால் வேறு ஆள்' என்று பதிப்பாளர் போட்ட கார்டு அன்று காலைதான் வந்திருந்தது.

"யாருய்யா இந்தப் படுபாவி?"

"யாருன்னு சொல்றது சார்? ஒரு ஊட்டுக்குப் போற புக்கு குவார்ட்டர்ஸ்ல எட்டு ஊடு சுத்திட்டுதான் வருது."

பக்தவத்சலம் ரப்பர் வாங்கி அங்கேயே நின்று அழித்தார். விளைவு? அழித்த இடத்தில் என்ன இருந்தது என்று குவார்ட்டர்ஸ் முழுக்க அந்தப் பக்கத்தை வெயிலில் தூக்கிப் பிடித்துப் படித்தது.

சரி, இந்தப் பென்சில்காரனை ஒரு தடவை ஏமாற்றிவிட்டால் ஊரையே ஏமாற்றிய மாதிரி என்று முடிவுகட்டினார். எவனோ ரிட்டயரான போலீஸ்காரன்தான், சந்தேகமே இல்லை.

"புஷ்பா, கொலைகாரன் யாருன்னு முதல் வரியிலயே சொல்லிட்டா எப்படி இருக்கும்?" என்று மனைவியைக் கேட்டார்.

"எனக்கெதுக்குங்க அதெல்லாம்? ரசத்துக்குத் தக்காளி இல்ல." மளிகைச் சீட்டை அவர் சட்டைப்பையில் செருகினாள்.

கல்யாணமான புதிதில் ஒரு கதையைப் படிக்கக் கொடுத்தார். ஏதோ குறை சொன்னாள். ஐயா இரண்டு நாள் சாப்பிடாமல் முறுக்கிக்கொண்டார். அதோடு சரி, அவர் எழுத்தை அவள் கையால் தொட்டு அவர் பார்த்ததில்லை. அவரும் அவள் தரும் சீட்டைப் பிரித்தது கிடையாது. மடித்தது மடித்தபடி கடைக்காரரிடம் நீட்டிவிடுவார்.

அடுத்த நாவலில் முதல் வரியிலேயே அண்ணன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். கதை பின்னோக்கி நடந்தது. பென்சில்காரன் எழுதினான்: 'இவன் பாவம். தம்பிக்காகப் பழியை ஏத்துக்கிறான்.'

அதேதான் முடிவு! பக்தவத்சலம் இரண்டு நாள் மோர் சாதத்தோடு நிறுத்திக்கொண்டார்.

அதற்கடுத்த நாவலில் கொலையே இல்லாமல் செய்தார். செத்தவன் கடைசிப் பக்கத்தில் கதவைத் தட்டுவான். பென்சில்காரன் அசரவில்லை: 'ஆள் உயிரோட இருக்கான். பொண்டாட்டி தினமும் ரெண்டு பேருக்கு உலை வைக்கிறாளே!'

பொண்டாட்டி எத்தனை பேருக்கு உலை வைத்தாள் என்று எழுதிய அவருக்கே ஞாபகமில்லை. எடுத்துப் பார்த்தார். ஆமாம், இரண்டு ஆழாக்கு அரிசி. வெட்கமாகப் போயிற்று. ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. இத்தனை நுணுக்கமாக அவரை யார் படித்திருக்கிறார்கள்?

மூன்றாவதுக்கு, பதிப்பாளர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஒரு ஏற்பாடு செய்தார். கடைசி அத்தியாயம் அச்சாகாது. 'கொலைகாரன் யார்? வாசகர்களே எழுதுங்கள், விடை அடுத்த மாதம்!' விடை இருந்த எட்டுத் தாளும் வீட்டுத் தகரப் பெட்டியில், அவர் கல்யாண வேட்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன.

புத்தகம் வந்து ஒரு வாரம் கழித்து ஓட்டமும் நடையுமாக உலகநாதன் கடைக்குப் போனார்.

"எழுதியிருக்கானா?"

"எழுதிக்கீது சார்."

'டாக்டர்தான். ஆனா கடைசியில அந்த ஆளு குழாயைத் திறந்து விட்டுட்டு, சத்தம் கேக்காம அழறாரே, அது ரொம்ப நல்லாருக்கு. நான் ரெண்டு தடவை படிச்சேன்.'

பக்தவத்சலம் தொப்பென்று அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"உலகநாதன், அந்தக் குழாய் அச்சிலேயே வரலைய்யா!"

"அப்ப எப்பிடி சார்? ஜோசியக்காரனா?"

"எவனா வேணா இருக்கட்டும். அந்த அழுகையை எழுத எனக்கு நாலு நாள் ஆச்சு. ஒருத்தராவது கவனிக்க மாட்டாங்களான்னுதானே எழுதுறது! கவனிச்சிருக்கான் பாரு." அந்தப் பென்சில் வரியை விரலால் தடவினார். "எங்கேயோ முகம் தெரியாத ஒருத்தனுக்கு என் அருமை தெரியுது. எங்க வீட்டுலயும் ஒருத்தி இருக்காளே! பதினாலு வருஷமா நான் எழுதின ஒரு வரியைக்கூடப் படிச்சதில்ல."

கண்ணைத் துடைக்கச் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை உருவினார். கூடவே அன்றைய மளிகைச் சீட்டும் கீழே விழுந்தது.

உலகநாதன் குனிந்து எடுத்தார். பிரித்தார். துவரம் பருப்பு ஒரு கிலோ, புளி கால் கிலோ, தக்காளி. எல்லாம் பென்சிலில், குண்டு குண்டாக. சீட்டைக் கொண்டுபோய் ஐந்தாம் பக்கத்தின் ஓரத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பக்தவத்சலத்தைப் பார்த்தார்.

"இன்னா சார், பதினாலு வருசமா அம்மா எழுதின ஒரு வரியக்கூட நீங்க படிச்சதில்லையா?"