பெயருக்கு முன்னால் ஒரு கோடு

அடிக்கோட்டர் என்றோர் இனம் உண்டு. நல்ல படமா என்று அறிய நீங்கள் படத்தைப் பார்ப்பீர்கள். அவர்கள் கோப்பின் பெயரைப் பார்ப்பார்கள். கூடுதல் நிறங்களைப் பதிவுசெய்யும் அகன்ற வண்ணவெளியைத் தேர்ந்தெடுத்தால், கேமராவே ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் முன்னால் ஓர் அடிக்கோட்டைப் போட்டுவிடும். சாதாரண வண்ணவெளிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இவ்வளவுதான் விஷயம். இதை வைத்துக்கொண்டு ஒருவர் பதினோரு ஆண்டுகள் நெஞ்சு நிமிர்த்தி நடக்க முடியுமா? ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கன் புகைப்படக் கழகத்தின் கிளைவ் ஹாட்ரல் நடந்தார்.

செவ்வாய்தோறும் கழகத்தின் மடிக்கணினி முன் அமர்ந்து, ஒரு படத்தையும் திறக்காமல் பெயர்ப்பட்டியலை மட்டும் மேலிருந்து கீழ்வரை மேய்ந்து, கோடில்லாத பெயர் வரும்போதெல்லாம் உச்சுக்கொட்டி, அதற்குரியவரைத் தேடித் திரும்புவார்.

“பாதி நிறத்தைக் கடல்லயே விட்டுட்டு வந்திருக்கியே, டாரில்!”

“மீனுங்க பாத்துக்கட்டும், விடுய்யா,” என்பார் டியூனா மீன்பிடிப் படகோட்டும் டாரில்.

போட்டிப் படங்களைத் திரையில் காட்டும் கழகத்தின் பழைய திரைவீச்சிக்குச் சாதாரண வண்ணவெளி மட்டுமே புரியும். ஆகவே கிளைவின் படங்கள் ஆண்டுதோறும் வெளிறி விழுந்தன, போட்டியின் வெற்றிக் கோப்பையும் ஆண்டுதோறும் வேறு வீட்டுக்குப் போனது. திரை ஏழை என்பது அவர் தீர்ப்பு.

இவ்வாண்டு கிளைவின் கேமராவைப் பழுதுபார்த்தவர் அதன் அமைப்புகளை எல்லாம் தொடக்கநிலைக்கு, அதாவது சாதாரண வண்ணவெளிக்கு, திருப்பிவிட்டார். அது தெரியாத கிளைவ், கடலில் மீன் வளர்க்கும் வலைவளையத்தின் மிதவையில் ஏறி அவரையே பார்த்துக் கொட்டாவி விட்ட ஒரு கடற்சிங்கத்தைப் படம்பிடித்தார். வாழ்நாளின் சிறந்த படம். ஆனால் பெயரில் கோடு இல்லை!

“கோப்பை உனக்குத்தான்!” என்றார் மனைவி நோரீன். “இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அனுப்பு.”

“இது சாதாரணம், நோரீன்.”

“எது, கொட்டாவியா?”

“பேரைப் பாரு!”

“முன்னாடி ஒரு கோட்டைத் தட்டிக்கோயேன். யாரு கேக்கப்போறா?”

“அது பித்தலாட்டம்!”

ஐந்தடிக்க நான்கு நிமிடம் இருக்கையில் அவர் அனுப்பியது ஒரு தானியக் கிடங்கை. கோடு போட்ட, மாசற்ற, அகன்ற தானியக் கிடங்கை. திரையில் அது பழைய பாத்திரம் கழுவிய நீரின் நிறத்தில் விழுந்தது. “சோகை பிடிச்ச கட்டடமோ?” என்றார் நடுவர். கோப்பை டாரிலுக்கு; அதுவும் கைபேசியில் எடுத்த படத்துக்கு.

“வருத்தமா, கிளைவ்?” என்று கேட்டார் நோரீன்.

“படம்தான் தோத்துது. பேரு தோக்கல.”

சிரியுங்கள், தாராளமாக. ஆனால் நேற்று நண்பர் தம் குழந்தையின் படத்தை நீட்டியபோது, குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே “எந்த போன்ல எடுத்தது?” என்று கேட்டவர் யார்?