மெரூன் குல்லா வழக்கில் என் சாட்சியம்

என் வாழ்க்கையில் நான் துப்புத் துலக்கியது ஒரே ஒரு கொலை வழக்கு. அதைப் பற்றி நானாக யாரிடமும் பேசுவதில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை. ஏற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஜமால் பாய் கடை என்று என் கடைக்கு வழி கேட்டுப் பாருங்கள். வழியோடு சேர்த்து அந்தக் கதையையும் சொல்லித்தான் அனுப்புவார்கள்.

ஏரிக்குப் போகும் சாலையில் ஸ்வெட்டர், கம்பளி, மங்கி குல்லா விற்கிறேன். சீசனில் உட்கார நேரம் இருக்காது. மழைக்காலத்தில் உட்கார்ந்து உட்கார்ந்தே கால் மரத்துப்போகும். அப்படி ஒரு மழையில், யாரோ ஒரு டூரிஸ்ட் கடையில் மறந்துவிட்டுப் போன துப்பறியும் நாவல் கையில் சிக்கியது. சின்ன ஊர். அதில் பேக்கரி நடத்தும் ஒரு அம்மா. ஊரில் கொலை நடக்கும். அந்த அம்மா கேக்கை அடுப்பில் வைத்துவிட்டுக் கிளம்பினால், அது வேகும் முன்பு கொலைகாரனைப் பிடித்துவிடுவார். கடைசி அத்தியாயத்தில் அவர் சாட்சி சொல்லி முடித்ததும் நீதிபதியே அசந்துபோவார். அதே வகைப் புத்தகங்களைச் சேலத்திலிருந்து தருவித்து மழை முடியும்வரை படித்தேன். (எனக்கும் கடை இருக்கிறது, ஊரும் சின்ன ஊர்தான், கொலை மட்டும்தான் பாக்கி என்று ஒருநாள் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.)

மார்கழியில் ஒரு காலை. தலைச்சோலையில் ஒரு ஹோம் ஸ்டேக்குக் கம்பளி கொடுக்க ஸ்கூட்டரில் போனேன். முன்சக்கரம் கண்ணுக்குத் தெரியாத பனிமூட்டம். ஒரு எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை காயப்போடும் களத்துப் பக்கமிருந்து ஒருவர் வேகமாக இறங்கி வந்தார். மெரூன் கலர் மங்கி குல்லா, நெற்றியில் மஞ்சள் பட்டை. கண் மட்டும் வெளியே.

எங்கள் ஊரில் குளிர்காலத்தில் யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. குல்லாவைப் பார்த்துத்தான் வணக்கம் வைப்போம். அதிலும் நான் குல்லா விற்பவன், எனக்குத் தெரியாதா? அது ஜீப் டிரைவர் சின்னராசுவின் குல்லா. பதினைந்து வருஷமாக என்னிடம்தான் வாங்குகிறார். சைனஸ் தொல்லை என்று கோடையில்கூடக் கழற்ற மாட்டார். "என்னங்க சின்னராசு, காலங்காத்தால?" என்றேன். அவர் நிற்கவில்லை. பனியில் மறைந்துவிட்டார்.

திரும்பி வரும்போது களத்தில் கூட்டம். வாட்ச்மேன் பொன்னன் பின்மண்டை பிளந்து கிடந்தார். வருஷா வருஷம் என் கடைக்கு வந்து ஸ்வெட்டர் ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடுத்த வருசம் பாக்கலாமுங்க பாய்" என்று சிரித்தபடி போகிறவர். நான் படித்த நாவல்களில் இந்த இடத்தில் யாரும் அழுவதில்லை, நேராகத் தடயத்துக்குப் போய்விடுவார்கள். நானும் போய்விட்டேன்.

இன்ஸ்பெக்டர் கேட்காமலேயே நான் பார்த்ததைச் சொன்னேன். "சரிங்க பாய், தேவைன்னா கூப்பிடறேன், கடைக்குப் போங்க" என்றார். போவேனா? இரண்டு நாள் கடையை மனைவியிடம் விட்டுவிட்டுத் தலைச்சோலைக்கும் பக்கத்து ஊரான வாழவந்திக்குமாக அலைந்தேன். கொலைக்கு முந்தின வாரம்தான், களத்தில் காயப்போட்ட காப்பிக்கொட்டை மேல் சின்னராசு ஜீப்பை ஏற்றிவிட்டதும், பொன்னனுக்கும் அவருக்கும் சட்டையைப் பிடிக்கும் அளவுக்குச் சண்டை வந்ததும் தெரிந்தது. அதையும் ஸ்டேஷனில் போய்க் கொட்டினேன். அன்று சாயங்காலமே சின்னராசுவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். குல்லாவை ஒரு கவரில் போட்டு சீல் வைத்தார்கள்.

வீட்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். என் மனைவி நூர்ஜஹான் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏங்க, மூஞ்சியப் பாத்தீங்களா?"

"குல்லாவப் பாத்தேன்."

"குல்லாவா போயி கொலை பண்ணுச்சு?"

(நாவல்களில் துப்பறிகிறவரின் பேச்சை முதலில் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். எனவே அவள் நம்பாததும் எனக்கு நல்ல சகுனமாகவே பட்டது.)

விசாரணைக்கு வர இரண்டு வருஷம் ஆனது. சின்னராசு ஒரு மழைக்காலம் முழுக்க ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார் என்றும், மலை ஏறக் கூடாது என்ற நிபந்தனையால் சேலத்தில் அக்கா வீட்டில் இருக்கிறார் என்றும் கேள்விப்பட்டேன். அவர் மனைவி என் கடை வரும்போது மட்டும் சாலையின் எதிர்ப்பக்கம் மாறி நடப்பார். கவனித்தேன். கொலைகாரன் குடும்பம், கூசத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். என்னை எதனால் அடிப்பது என்று இப்போதும் தெரியவில்லை.

சாட்சி சொல்லப் போன நாள் நல்ல பங்குனி வெயில். ஒரு கம்பீரம் வேண்டும் என்று கடையிலிருந்த கம்பளிக் கோட்டில் உயர்ந்த ரகமாக ஒன்றை மாட்டிக்கொண்டு போயிருந்தேன். சேலம் கோர்ட் வராந்தாவில் அரைமணி நேரத்தில் வெந்துவிட்டேன். பெஞ்சில் பக்கத்தில் ஒருவர் இருந்தார். ஒல்லி, நல்ல வழுக்கை, கன்னமெல்லாம் ஒட்டிப்போன முகம். என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"ஏனுங்க, இந்த வெய்யல்ல கோட்டாங்க? கழட்டிருங்க, மயக்கம் வந்துரும்."

"கோர்ட்டுக்கு ஒரு மரியாதை வேணுமில்லீங்களா. கொலைக் கேஸுங்க. கேஸே என்னாலதான் நிக்குது. ஆளச் சொன்னதே நாந்தானுங்க."

அவர் பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு, "மூஞ்சியப் பாத்தீங்களாங்க?" என்றார். (என் மனைவி எங்கே போனாலும் ஆள் வைத்திருக்கிறாள் என்று தோன்றியது.)

"எங்க ஊருல மூஞ்சிய ஆருங்க பாத்தா. பதினஞ்சு வருசப் பழக்கம். ஆயிரம் பேருக்கு நடுவுல நின்னாலும் அவனக் காட்டிருவேன்."

"அப்படிச் செய்யற ஆளுங்களா அவன்?"

"பாத்தா சாதுவாத்தான் இருப்பான். அந்த மாதிரி ஆளுங்கதானுங்க செய்வாங்க. புஸ்தகத்துல எல்லாம் அப்படித்தான் வரும்."

அவர் பாட்டிலை மெதுவாக மூடினார். எழுந்து உள்ளே போய்விட்டார். நல்ல மனிதர், என்ன கஷ்டமோ பாவம் என்று நினைத்தேன்.

என்னைக் கூப்பிட்டார்கள். அரசு வக்கீல் கவரிலிருந்து குல்லாவை எடுத்துக் காட்டினார். பார்த்த மாத்திரத்தில், "இதேதானுங்க ஐயா" என்றேன். தையல் எப்படி, நூல் எப்படி என்றும் விளக்க ஆரம்பித்தேன். நீதிபதி அம்மா, "போதும்" என்றார்.

"இதைப் போட்டிருந்தவர் இந்தக் கோர்ட்டில் இருக்கிறாரா? காட்டுங்கள்," என்றார் அரசு வக்கீல்.

திரும்பிப் பார்த்தேன். கூண்டுக்குள் மூன்று நான்கு பேர் நின்றார்கள், அன்றைக்கு வேறு கேஸ்களும் இருந்தன. அவர்களில் ஓரமாக எனக்குத் தண்ணீர் கொடுத்த வழுக்கைத் தலைக்காரரும் நின்றார். அடப்பாவமே, இவர் எந்தக் கேஸோ என்று இரக்கப்பட்டுவிட்டு சின்னராசுவைத் தேடினேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சின்னராசுவின் மூக்கு எப்படி இருக்கும்? தலையில் முடி உண்டா, இல்லையா? பதினைந்து வருஷத்தில் நான் பார்த்தது இரண்டு கண். கேட்டது கம்பளி வழியாக வரும் குரல். முதுகில் வேர்வை ஆறாக ஓடியது. கடைசி வரிசையில் ஒருவர் உட்கார்ந்து, சிவந்த கண்ணோடு என்னையே வெறித்துக்கொண்டிருந்தார். அந்தக் கண் எங்கேயோ பார்த்த கண்ணாக இருந்தது. கையை நீட்டினேன்.

"அவருதானுங்க."

அரசு வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். நான் காட்டியது பொன்னனின் கூடப்பிறந்த தம்பியை. அண்ணன் கண்ணேதான் அவருக்கும்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். அவசரமே படவில்லை. கூண்டில் இருந்த வழுக்கைத் தலையைக் காட்டினார்.

"இவரைத் தெரியுமா?"

"தெரியுமுங்க. வெளிய எனக்குத் தண்ணி குடுத்தாருங்க. நொம்ப நல்ல மனுசன்."

"இவர்தான் சின்னராசு."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நீதிபதி அம்மா மட்டும் சிரிக்காமல், நான் சொன்னதை அப்படியே டைப் அடிக்கச் சொன்னார். 'குற்றம் சாட்டப்பட்டவர் மிகவும் நல்ல மனிதர் என்று அரசுத் தரப்பு சாட்சியே கூறுகிறார்' என்று பதிவானது. அந்தக் குல்லா மற்ற கடைகளிலும் கிடைக்குமா என்று வக்கீல் கேட்டதற்கு, கிடைக்கும் என்றேன். பொய் சொல்லும் தெம்புகூட இல்லை.

வெளியே படிக்கட்டில் பொன்னனின் தம்பி நின்றிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கண்ணன அடிச்சது ஆருன்னு இனி ஆருங்க பாய் தேடுவாங்க?" என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் படித்த நாவல்களில் செத்தவருக்குத் தம்பி இருந்ததே இல்லை. கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

சின்னராசு விடுதலையானார். பொன்னனை யார் கொன்றது என்று இன்றுவரை தெரியாது. பனியில் இறங்கிப் போன அந்தக் கண் யாருடையது என்று எனக்கும் தெரியாது.

எங்கள் வீட்டில் இதை வைத்து ஓட்டாத நாள் இல்லை. என் மகள் ஷபானா காலேஜ் விட்டு வந்ததும் வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றி, "அத்தா, நாந்தான். அடையாளம் தெரியுதா?" என்பாள். உறவுக்காரர்கள் வந்தால் கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்வார்கள். தண்ணீர் பாட்டில் வரும் இடத்தில் நானும் சேர்ந்து சிரிப்பேன்.

சின்னராசு மலைக்குத் திரும்பியபோது ஜீப் வேறு டிரைவர் கைக்குப் போயிருந்தது. இப்போது எஸ்டேட் கூலி வேலைக்குப் போகிறார். குளிர்காலத்தில் வேலைக்குப் போகும் வழியில், பனி சொட்டச் சொட்ட என் கடை முன்னால் நிற்பார். குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நாந்தானுங்க பாய்" என்பார். கிண்டலா, கோபமா, அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது. வழுக்கையெல்லாம் நனைந்துகொண்டிருக்கும்.

"தெரியுதுங்க சின்னராசு. குளிருது, குல்லாவப் போட்டுக்கங்க" என்பேன்.

அவர் போட மாட்டார்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க பாய்."