முழங்காலளவு வைத்தியசாலை

உள்ளகப் பயிற்சியை நிறைவுசெய்த வைத்தியருக்கு அரசாங்கம் முதல் நியமனம் வழங்கும். நியமனம் பெற்றவர் உரிய வைத்தியசாலைக்குச் சென்று கடமையேற்பார். இதில் நகைப்பதற்கு எதுவுமில்லை. களுதாவளை ஊரைச் சேர்ந்த யசோதினியும் அவ்வாறே தாழைமுனைக்குச் சென்றாள். வைத்தியசாலைதான் அங்கே இல்லை.

ஆழிப்பேரலை வைத்தியசாலையைக் கொண்டுபோனது. யுத்தம் ஊரைக் கொண்டுபோனது. யுத்தம் முடிந்ததும் ஊர் திரும்பிவந்தது. வைத்தியசாலை வரவில்லை. அது நின்ற நிலம் வாவிக்குள் முழங்காலளவு நீரில் கிடந்தது.

அந்நீருக்குக் காவலாளி ஒருவர் இருந்தார். இளையதம்பி என்று பெயர். சம்பளம் நிறுத்தப்படாமையால் அவர் காவலையும் நிறுத்தவில்லை.

“செருப்பக் கழட்டிப்போட்டு வாங்க டொக்டரம்மா. இது வெளிநோயாளர் பகுதி. அங்கால மட்டும் போகாதீங்க, அது பிரசவ வாட்டு. ஆழம்.”

யசோதினி மேலிடத்துக் காரியாலயத்துக்கு ஓடினாள். நிருவாக உத்தியோகத்தர் கனகசூரியம் மின்விசிறியின் கீழ் வீற்றிருந்தார்.

“சேர், அங்க கட்டடம் இல்ல.”

“இல்லையெண்டு ஆர் சொன்ன?”

“நான் கண்ணால பார்த்தனே!”

“பார்க்கிறது உங்கட கடமையில்ல பிள்ளை. ஏற்கிறதுதான் கடமை.”

“அப்ப கரையில, பூவரசுக்குக் கீழ இருந்து மருந்து குடுக்கட்டா?”

“பூவரசு நம்மட இலாகா இல்ல. வைத்தியசாலை வளவுக்குள்ளதான் வைத்தியம். இன்னொண்டு, ஒரு மாதத்துக்குள்ள நோயாளர் வராட்டி அந்தப் பதவியே தேவையில்லையெண்டு நீக்கிருவம். பிறகு நீங்க நியமன வரிசையில கடைசி ஆள்.”

ஆகவே மேசையும் கதிரையும் நீருக்குள் இறக்கப்பட்டன. யசோதினி கடமையேற்றாள். மீன்குஞ்சுகள் அவளுடைய காலைப் பரிசோதித்தன. அவள் பரிசோதிப்பதற்குத்தான் எவரும் வரவில்லை.

பத்தினிப்பிள்ளை என்பவள் இருமிக்கொண்டே பஸ்ஸுக்குப் போனாள்.

“அக்கா, இங்க வாங்க, பார்க்கிறன்!”

“வேணாம் புள்ள, நான் டவுணுக்குப் போறன். அந்த டொக்டரிட்ட நம்பர் எடுக்கிறதே பெரும் பாடு. நீங்க சும்மாதானே இரிக்கீங்க? சும்மா இரிக்கிற டொக்டருக்குக் கைராசி இரிக்குமா?”

இளையதம்பி இதைச் செவிமடுத்தார். மறுநாட் காலை நீருக்குள் கம்பு நட்டுக் கயிறு கட்டினார்.

“என்னகா இது கயிறு?” என்றாள் பத்தினிப்பிள்ளை.

“நம்பர் முடிஞ்சு.”

“ஒரு குருவியையும் காணல்லையே!”

“அதான் சொல்றன், முடிஞ்சு.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் முடிஞ்சு. தெரிஞ்ச ஆளெண்டபடியாப் பார்ப்பம்.”

அன்று பத்தினிப்பிள்ளை பஸ்ஸைத் தவறவிட்டாள். மறுநாள் விடியுமுன் ஊரே சேலையையும் சாரத்தையும் தூக்கிச் செருகிக்கொண்டு வாவிக்குள் நின்றது. தொலைவிலுள்ள கரடியனாற்றிலிருந்தும் ஆட்கள் வந்தனர்.

“கரையில நில்லுங்களன், குளிர் பிடிக்கும்!” என்று யசோதினி கதறினாள்.

“கரையில நிண்டா நம்பர் போயிரும் டொக்டரம்மா!”

நீரில் நின்று காய்ச்சல் கண்டவர்கள் அந்நீரிலேயே நின்று மருந்தும் பெற்றமையால், நோயாளர் தொகை நாளுக்கு நாள் பெருகியது. பதவி தப்பியது.

மாத முடிவில் கனகசூரியம் காற்சட்டையை மடித்துக்கொண்டு நேரில் எழுந்தருளினார்.

“கட்டடமின்றியே இத்துணைச் சிறப்பாக இயங்கும் வைத்தியசாலைக்குக் கட்டடம் அநாவசியம் என மேலிடம் தீர்மானித்துள்ளது. ஏனைய வைத்தியசாலைகளின் கட்டடங்களும் மீள்பரிசீலனை செய்யப்படும்.”

யசோதினி துள்ளியெழுந்தாள்; கதிரை பிரசவ வாட்டுப் பக்கமாக மிதந்து சென்றது. “இது அநியாயம்! பத்தினியக்கா, நீங்களாவது கேளுங்க!”

“சும்மா இருங்க டொக்டரம்மா,” என்றாள் பத்தினிப்பிள்ளை. “கட்டடம் வந்தா கண்டவனெல்லாம் நம்பரில்லாம நுழைவான்.” பெண்கள் ஒருமிக்கக் குரவையிட்டனர்.

அந்த ஆரவாரத்தினிடையே கனகசூரியம் இளையதம்பியின் காதருகே குனிந்தார்.

“எனக்கும் கொஞ்ச நாளா முதுகு நோவு…”

“நம்பர் முடிஞ்சு, ஐயா.”

வரிசை முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தவர் எவரும் கரையேறவில்லை. நாளைய நம்பர் அவர்களுக்கும் கிடைத்திருக்கவில்லை.